காற்றுப்பை வண்டியின் ஓட்ட உயரத்தை அளப்பதும் திருத்துவதும்

பழைய சொகுசு பஸ் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டிலும் குசினியும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி வீட்டு வண்டியாக்கிக்கொண்டு அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் போய்வருகிறவர்கள் இப்போது மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். கல்லடிப் பக்கமுள்ள எங்கள் வேலைத்தலத்துக்கு அவர்கள் வந்தால், “வண்டி ஒரு பக்கமாச் சரிஞ்சி நிக்கிது தம்பி, லெவல் வால்வை ஒருக்காப் பாருங்க” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். காற்று நிரப்பிய றப்பர்ப் பைகள் பாரத்தைத் தாங்கும் வண்டிகள் இவை; அந்தப் பைகளுக்குக் காற்றை விட்டும் எடுத்தும் உயரத்தைக் காப்பதுதான் லெவல் வால்வு. பாதி வேளைகளில் வால்வில் ஒரு குற்றமும் இருப்பதில்லை. அளக்க வேண்டிய இடத்தை யாரும் அளக்காமல், கண்ணுக்குத் தெரிந்த சாய்வை வைத்து வால்வைத் திருகியதால் வந்த வினையாகவே அது இருக்கும். இரும்புக் கையும் கம்பியும் கொண்ட வால்வுகள் உள்ள வண்டிகளில் ஓட்ட உயரத்தை எப்படி அளப்பது, எப்படித் திருத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன். உயரத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் புதிய வண்டிகளில் கம்பியைத் தொடாமல், உரிய கருவியைச் செருகிச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை.

எதை உயரம் என்கிறோம்

ஓட்ட உயரம் என்பது தரையிலிருந்து பம்பர் வரையான உயரமன்று; ரயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையில் தெரியும் வெளியும் அன்று. வண்டி ஓடும்போது அக்சிலுக்கும் (சில்லுகள் பூட்டிய அச்சு) செசிக்கும் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) இடையில் இருக்க வேண்டுமெனத் தயாரிப்பாளர் வகுத்த இடைவெளியே அது. சில வண்டிகளில் காற்றுப்பையின் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை அளக்கச் சொல்லியிருப்பார்கள். சிலவற்றில் அக்சிலின் மேற்பரப்பிலிருந்து செசியின் அடிப்பாகம் வரை. வேறு சிலவற்றில் ஷொக் அப்சோபரின் மேல் போல்ற்றின் நடுவிலிருந்து கீழ்ப் போல்ற்றின் நடு வரை. எந்த இரண்டு புள்ளிகள், எத்தனை மில்லிமீற்றர் என்பதை அந்த மொடலின் சேர்விஸ் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்ளும் வரை ஸ்பனரைக் கையில் எடுக்கக் கூடாது. முன் அக்சிலின் எண் வேறு, பின் அக்சிலின் எண் வேறு. அதே நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸுக்கு உரிய எண் உங்கள் பஸ்ஸுக்குப் பொருந்தும் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

இந்த இடைவெளி பிசகினால் கெடுவது தோற்றம் மட்டுமன்று. பின்பக்கம் அளவுக்கு மேல் உயர்ந்தால், எஞ்சினின் சுழற்சியைப் பின் அக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாப்டின் கோணம் மாறி, குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுவதும் அதிரும். அதன் முனைகளிலுள்ள குறுக்கு ஜொயின்ட்டுகள் முன்கூட்டியே தேயும். ஷொக் அப்சோபர் ஏறத்தாழ முழுநீளத்துக்கு இழுபட்டு நிற்பதால், குழியில் சில்லு இறங்கும்போது அது நீள இடமின்றி இடிக்கும். தாழ்ந்தாலோ, செசியும் அக்சிலும் இடிக்காமல் காக்கும் தடுப்பு றப்பர் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவாங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றால் முன்சில்லின் சாய்கோணம் மாறி, ஸ்டியரிங் ஒன்றில் கனக்கும் அல்லது நேர்ப்பாதையில் அலையும். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

வால்வு செய்கிற வேலை மிக எளியது. வால்வு செசியில் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் ஒரு கை, லிங்க் கம்பி ஒன்றினால் அக்சிலோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிச் செசி தாழ்ந்தால் கை மேலே தள்ளப்பட்டு, காற்றுத் தாங்கியிலிருந்து காற்று பைக்குள் போகும். பாரம் இறங்கிச் செசி உயர்ந்தால் கை கீழே இழுபட்டு, பையின் காற்று வெளியேறும். நடுவில் சில மில்லிமீற்றர் தூரத்துக்குக் கை அசைந்தாலும் ஒன்றும் நடக்காது. பல வால்வுகள் ஓரிரு விநாடிகள் முதல் பல விநாடிகள் வரை தாமதித்தே இயங்கும். அப்படி இல்லாவிட்டால் ஒவ்வொரு குழிக்கும் காற்றை உள்ளே விட்டு வெளியே விட்டு, தாங்கியைக் காலியாக்கிவிடும்.

ஆகவே வால்வுக்குத் தெரிந்தது அக்சிலுக்கும் செசிக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றுதான். ரயரில் காற்றுக் குறைந்ததோ, தரை சரிந்திருப்பதோ, மேலே கட்டிய உடல் செசியின் மீது கோணலாக இருத்தப்பட்டதோ அதற்குத் தெரியாது. ஒரு முறை வந்த வண்டி பின்பக்கம் வலப்புறமாகச் சாய்ந்து நின்றது. உரிமையாளர் சொன்ன வரலாறு இது: முதலில் வண்டி இடப்புறம் சாய்ந்தது, வழியில் ஒரு வேலைத்தலத்தில் இடப்பக்க லிங்க் கம்பியை நீட்டி நிமிர்த்தினார்கள், பின்பு ரயர் கடையில் இடப்பக்க உட்சில்லில் காற்றில்லை என்று கண்டு பஞ்சர் ஒட்டினார்கள், அன்றிலிருந்து வலப்புறம் சாய்கிறது. கம்பியின் புரியில் பழைய கறள் முடிந்து புதிதாக வெளியே வந்த பகுதி பளபளவென்று தெரிந்தது. அளந்தபோது அரை அங்குலம் இருந்தது. இரட்டைச் சில்லில் உள்ளே இருப்பது காற்றிழந்தாலும் வெளியே இருப்பது தாங்கிக்கொள்வதால், பார்த்தால் தெரியாது. தட்டிப் பார்த்தால் தெரியும், காற்றளவுக் கருவியை வைத்தால் ஐயமின்றித் தெரியும்.

வால்வுகள் எத்தனை என்பதையும் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மூன்று இருக்கும்: பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, முன்னால் ஒன்று. மூன்று கால் முக்காலி ஆடாமல் நிற்பது போலத்தான் இந்த ஏற்பாடு. நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்தால் அவை ஒன்றோடொன்று இழுபறிப்படும். வண்டி இடமாகவோ வலமாகவோ சரியாமல் நிமிர்ந்து நிற்பதைத் தீர்மானிப்பது இரண்டு வால்வு உள்ள அக்சில். ஒரு வால்வு உள்ள அக்சில் அந்த முனையின் உயரத்தை மட்டும் தீர்மானிக்கிறது. முன்பக்கச் சாய்வை முன் வால்வைத் திருகித் திருத்த முயல்பவர் ஏன் தோற்கிறார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

தரையும் பாரமும்

எங்கள் பக்கத்தில் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி, பன்னிரண்டு மீற்றர் நீள வண்டியை நிறுத்த ஒரு மட்டமான தரையைத் தேடுவதாகத்தான் இருக்கும். மணல் தரையும் கிறவல் தரையும் ஆகவே ஆகா. நெல் காயவிடும் சீமெந்துத் தளங்கள் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அரிசி ஆலைகளில் விசாலமாகக் கிடைக்கும்; பார்வைக்கு மேசை போல இருக்கும். ஆனால் மழைநீர் தேங்காமல் ஓட வேண்டுமென்று அந்தத் தளங்களுக்குச் சரிவு கொடுத்தே போடுவார்கள். எனவே கண்ணை நம்பாமல், மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கும் ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, நான்கு சில்லுகளும் நிற்கப்போகும் இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழி ஒன்றுகூடக் குழாயில் நிற்கக் கூடாது. நின்றால் இரு முனை நீர்மட்டமும் பொய் சொல்லும்.

முழுத் தளமும் ஒரே பக்கமாக மெல்லச் சரிந்திருப்பதைவிட, முன்சில்லுகள் இடப்புறமும் பின்சில்லுகள் வலப்புறமும் சரிந்து முறுக்கிக்கொண்டு நிற்பதே பெரிய கேடு. அப்படி நிற்கும் வண்டியில் செசி பின் அக்சிலோடு ஒத்துப்போக, முன் அக்சிலின் இரு பக்க அளவுகளும் வெவ்வேறாக வரும். குற்றம் தரையில் இருக்க, கைவைப்பதோ வால்வில். தளம் கிடைக்காவிட்டால், தாழ்ந்த சில்லின் கீழ் முழுச் சில்லும் ஏறி நிற்கத்தக்க அகலமான பலகையை இட்டு மட்டமாக்கிக்கொள்ளலாம்.

வீட்டு வண்டி பயணத்தில் எப்படி இருக்குமோ அப்படிப் பாரமேற்றியே அளக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கி நிறைந்திருக்கட்டும், காஸ் சிலிண்டரும் பற்றரியும் தத்தம் இடத்தில் இருக்கட்டும், டீசல் பாதிக்கு மேல் இருக்கட்டும். தரிப்பிடத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் இறக்குகால்கள் பொருத்தியிருந்தால், அவை முழுமையாக உள்ளே போயிருக்க வேண்டும். வால்வு பாரத்துக்கேற்பத் தானே சரிசெய்யும்தானே, பிறகென்ன என்று கேட்கலாம். பையில் ஏறக்கூடிய அழுத்தம் காற்றுத் தாங்கியிலுள்ள அழுத்தத்தைத் தாண்டாது. பாரம் அதையும் மீறினால் வால்வு திறந்தபடியே இருக்கும், செசி உயராது, கம்பியை எத்தனை முறை நீட்டினாலும் உயராது. குசினிக் கல்லும் தண்ணீர்த் தாங்கியும் ஒரே மூலையில் வைக்கப்பட்ட வண்டிகளில் இதைக் காணலாம். ஆகவே மாற்றியமைத்த வண்டியை, லொறிகளை நிறுக்கும் நிறைப்பாலம் உள்ள இடத்தில் அக்சில் அக்சிலாக ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு அக்சிலுக்கும் அனுமதித்த பாரத்தோடு ஒப்பிடுவது வீண்செலவன்று.

ரயர்களின் காற்றை, வெயில் ஏறுமுன், வண்டி ஓடாமல் நின்ற நிலையில் பார்த்துச் சரியாக்க வேண்டும். இங்கே காலை எட்டு மணிக்கே தளம் சூடேறிவிடும். ஆறு, ஆறரைக்குத் தொடங்குவது நல்லது.

கீழே போகுமுன்

காற்றுப்பை, வண்டியைத் தூக்கும் ஜக் அன்று. குழாய் ஒன்று கழன்றாலோ, பை கிழிந்தாலோ, யாராவது வால்வின் கையைத் தட்டிவிட்டாலோ, செசி கையை இழுத்தெடுக்க நேரம் தராமல் தடுப்பு றப்பர் வரை இறங்கிவிடும். அப்போது அக்சிலுக்கும் தரைத்தளத்துக்கும் இடையில் ஆளின் தலைக்கோ மார்புக்கோ இடம் இருக்காது. ஆகவே கீழே நுழையுமுன் செசியின் பலமான இடங்களில், புத்தகம் குறித்த புள்ளிகளில், பாரத்துக்கேற்ற ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும். வண்டி தன் ஓட்ட உயரத்தில் நிற்கும்போது ஸ்டாண்டின் தலைக்கும் செசிக்கும் இடையில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இடைவெளி இருந்தால், உயரம் திருத்த அசைவும் கிடைக்கும், காற்று இறங்கினால் செசி ஸ்டாண்டில் உட்காரும். ஸ்டாண்ட் இல்லையென்றால் ரயில்பாதைக்கு இடும் நல்ல சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைக்கக் கூடாது. அது முன்னறிவிப்பின்றி வெடித்துப் பொடியாகும். தென்னங்குற்றியும் நம்பத்தக்கதன்று. போத்தல் ஜக்கும் வண்டியின் இறக்குகால்களும் தூக்குவதற்கு உரியவை. அவற்றை நம்பி ஆள் கீழே போவதற்கு உரியவை அல்ல.

கைப் பிரேக்கைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. காற்றுப்பை வண்டிகள் பலவற்றில் அக்சில் ஒரு நீண்ட கையின் முனையில் வட்டவரை போன்ற பாதையில் மேலும் கீழும் போகிறது. எனவே செசி உயரும்போது சில்லு மிகச் சிறிதளவு உருள வேண்டியிருக்கும். பிரேக் பிடித்திருந்தால் அது உருள முடியாமல் அக்சில் இறுகி நிற்கும், அளவு பிழையாக வரும். இதனால் திருத்தாத அக்சிலின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டையை இறுக்கி வைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்தே அளப்பார்கள். கட்டை சரியாக அமர்ந்ததை உறுதி செய்யாமல் பிரேக்கை விடக் கூடாது. சாரதி ஆசனத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பதும், அவர் கீழே இருப்பவர் சொல்லாமல் எந்த ஆளியையும் தொடாமல் இருப்பதும் நல்லது.

காற்றுத் தாங்கி நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக 120 பிஎஸ்ஐ அளவில் கொம்பிரசர் ஏற்றுவதை நிறுத்தும் சத்தம் கேட்கும்; அதன் பிறகே தொடங்க வேண்டும். பிரேக்குக்கு வேண்டிய காற்றைக் காப்பதற்காக, அழுத்தம் குறைந்தால் காற்றுப்பைகளுக்குப் போகும் பாதையை அடைத்துவிடும் வால்வு ஒன்று இருக்கும். தாங்கி குறைவாக இருக்கும்போது வண்டி உயராமல் நின்றால் அது அந்த வால்வின் கடமையே தவிரக் கோளாறன்று. வேலை நேரம் முழுவதும் எஞ்சினை ஓடவிடாமல், வேலைத்தலக் கொம்பிரசரிலிருந்து தாங்கிக்குக் காற்றுக் கொடுக்க முடிந்தால் அதுவே மேல்.

அளத்தல்

வண்டியை மெதுவாக உருட்டி வந்து, முன்சில்லுகள் நேராக நிற்க, பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் நிறுத்துங்கள். ஒரு முறை காற்றை இறக்கி, மீண்டும் ஏறவிட்டு, உயரம் தானாக நின்றபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அளக்கும் இரு பரப்புகளிலும் ஒட்டியிருக்கும் சேற்றையும் கறளையும் சுரண்டிவிட்டு, இரும்பு அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து அளந்து, நான்கு இடத்து எண்களையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். தையல் நாடா இதற்கு உதவாது.

பின்பு இன்னொரு முறை காற்றை இறக்கி ஏற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். வால்வின் நடுவில் அசைவற்ற சில மில்லிமீற்றர் இருப்பதால், மேலிருந்து இறங்கி நின்ற உயரமும் கீழிருந்து ஏறி நின்ற உயரமும் ஒன்றாக இருக்காது. எப்போதும் கீழிருந்து ஏறி நின்ற உயரத்தையே எடுப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால், இன்றைய எண்ணையும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் எண்ணையும் ஒப்பிட முடியும். இரு தடவை எடுத்த எண்களுக்கிடையில் அதிக வேறுபாடு இருந்தால் திருத்தலைத் தொடங்காமல், லிங்க் கம்பியின் இரு முனை றப்பர்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். தேய்ந்த றப்பரோடு எந்த அளவும் நிலைக்காது.

ஏற்றுக்கொள்ளத்தக்க வேறுபாட்டையும் புத்தகம் சொல்லும். பல வண்டிகளில் அது கூடக்குறைய கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். அதற்குள் இருந்தால் கம்பியைத் தொடாமல் விடுவதே அறிவு. 2 மில்லிமீற்றரைத் துரத்திக்கொண்டு ஒரு முழுக் காலைப்பொழுதைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்.

திருத்தல்

இரண்டு வால்வு உள்ள அக்சிலை முதலில் திருத்த வேண்டும். விளக்கத்துக்காக, பின் அக்சிலுக்கு 240 மில்லிமீற்றர் என்று புத்தகம் சொல்ல, இடப்பக்கம் 228, வலப்பக்கம் 243 என்று அளவு வந்ததாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் எல்லைக்குள் இருக்கிறது. இடப்பக்கம் 12 மில்லிமீற்றர் குறைகிறது. வால்வு செசியிலும் கம்பியின் கீழ்முனை அக்சிலிலும் இருக்கும் வழமையான அமைப்பில், கம்பியை நீட்டினால் கை மேலே தள்ளப்பட்டுச் செசி உயரும், குறைத்தால் தாழும். எவ்வளவு நீட்டினோமோ ஏறத்தாழ அவ்வளவே செசி உயரும், ஏனென்றால் கை மீண்டும் தன் நடுநிலைக்கு வரும் வரையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும். கம்பியின் புரி 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரணப் புரியாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் நகரும். 12 மில்லிமீற்றருக்கு ஒன்பதரைச் சுற்று வரும். இரு முனையிலும் எதிரெதிர்ப் புரி உள்ள கம்பியில் ஒரு சுற்றுக்கு இரட்டிப்பாக நகரும். அங்கே ஐந்து சுற்றுக்கும் குறைவே போதும். புரியில்லாமல், கம்பியைப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தும் வகையில், நகர்த்துமுன் பழைய இடத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கும் ஊரில் அந்தப் புரி இலேசில் சுழலாது. கறள் இளக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே தெளித்து விட்டுவிடுவது நல்லது. பூட்டு நட்டைத் தளர்த்தும்போது ஒரு ஸ்பனரால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பனரால் முறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் வால்வின் மெல்லிய தண்டில் போய் விழும். தண்டு வளைந்த வால்வு எந்த உயரத்திலும் சரியாக அடைக்காது. கழன்று வந்ததும் கம்பிப் புரிஷ்ஷால் புரியைத் துலக்கி, மெல்லிய கிறீஸ் பூசிவிடுங்கள்.

கம்பியை மாற்றியதும் நட்டை இறுக்கிவிட்டு, கீழிருந்து வெளியே வாருங்கள். காற்றை இறக்கி ஏற்றுங்கள், பொறுங்கள், அளவுங்கள். இடப்பக்கம் உயர்ந்ததால் வலப்பக்கமும் சற்று மாறியிருக்கும். 239, 241 என்று வந்தால் அதோடு விட்டுவிடலாம். வரவில்லையென்றால் இதையெல்லாம் மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். மூன்று முறைக்கு மேல் போனால் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைக்கத் தொடங்குங்கள்.

சில வால்வுகளின் உடலிலும் கையின் அடியிலும் ஒரு சிறு துளை இருக்கும். இரண்டும் நேர்ப்பட்டால் வால்வு நடுநிலையில் இருக்கிறது என்று பொருள். அவற்றில் வேறொரு முறையும் உண்டு: கம்பியைக் கழற்றிவிட்டு, கையை ஒரு நீண்ட தடியால் மெல்ல அசைத்துச் செசியைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து, துளைக்குள் குச்சியைச் செருகி, கம்பியை இழுக்காமலும் தள்ளாமலும் தானாகப் பொருந்தும் நீளத்துக்குச் சரிசெய்து பூட்டலாம். குச்சி துளைக்குள் ஆடாமல் இருக்குமாறு மூங்கிலைச் சீவிக்கொள்ளுங்கள். ஆணியைச் செருக வேண்டாம். வேலை முடிந்து குச்சியை எடுக்க மறந்தால் மூங்கில் முறிந்துபோகும், ஆணியானால் வால்வு முறியும். மறப்பது அடிக்கடி நடப்பதுதான்.

பின் அக்சில் சரியானபின் முன் அக்சிலுக்கு வர வேண்டும். அங்கே ஒரே வால்வு என்பதால், புத்தகம் குறித்த இடத்து அளவைச் சரியாக்கினால் போதும். முன்னால் உயர்த்தியதாலோ தாழ்த்தியதாலோ பின்பக்க எண்கள் சிறிது மாறியிருக்கக்கூடும். ஆகவே இறுதியில் நான்கையும் மறுபடி அளக்க வேண்டும். முன்னால் இடமும் வலமும் வெகுவாக வேறுபட்டால் மறுபடி தரையைச் சந்தேகியுங்கள். தரை சரியென்றால், திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியின் இணைப்புகளையும் பைகளையும் பாருங்கள். முன்விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் அன்றே ஒரு சுவருக்கெதிரே நிறுத்திப் பார்த்துவிடலாம்.

உயரம் நிலைக்காவிட்டால்

காலையில் சரியாக இருந்த உயரம் மறுநாள் காலையில் ஒரு மூலையில் மட்டும் இறங்கியிருந்தால் அது திருத்தலுக்குரிய விடயமன்று, ஒழுக்கு. மாலையில் நான்கு மூலையும் அளந்து எழுதிவைத்து, காலையில் எஞ்சினை இயக்குமுன் மீண்டும் அளந்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கக் கரைத்து, பழைய பெயின்ற் புரிஷ்ஷால் குழாய் முனைகளிலும், வால்வின் வெளியேற்று வாயிலிலும், பையின் மேல் கீழ் விளிம்புகளிலும், மடிப்பிலும் பூசிப் பாருங்கள். வால்வின் வெளியேற்று வாயில் விடாமல் நுரை எழுந்தால், கம்பியைக் கழற்றிக் கையை நடுநிலையில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால்தான் வால்வை மாற்ற வேண்டும். தாங்கியில் சேரும் நீரும் கொம்பிரசர் எண்ணெயும் கலந்த கசடு உள்ளே போய் வால்வை மந்தமாக்குவது எங்கள் ஈரக்காற்றில் வழமையாக நடப்பது. ஒவ்வொரு நாளும் தாங்கிகளின் அடித்திறப்பை ஒரு முறை திறந்து நீரை வெளியேற்றுவதும், காற்று உலர்த்தியின் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும் இதற்கு மருந்து. மார்கழி மழைக்காலத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டுத் திறந்து பார்த்தால், பால் போல வெளுத்த கலங்கல் ஒரு கிண்ணம் வருவதைக் காணலாம்.

பையின் மடிப்பில் சேரும் மணலையும் குறிப்பிட வேண்டும். அறுகம்பையிலும் பாணமைப் பக்கத்திலும் மணல் பாதையில் ஓடிய வண்டியில், பை உருண்டு மடியும் இடத்தில் மணல் தங்கி, ஒவ்வொரு அசைவிலும் றப்பரைச் சீவிக்கொண்டே இருக்கும். ஊர் திரும்பியதும் சாதாரண நீரால் அந்த மடிப்பைக் கழுவிவிட வேண்டும்; டீசலோ மண்ணெண்ணெயோ றப்பரில் படக் கூடாது. உள்ளிருக்கும் நூலிழை தெரியுமளவுக்கு வெடிப்பு இருந்தால் அந்தப் பையோடு இன்னொரு பயணம் போகக் கூடாது.

எல்லா எண்களும் சரி, ரயர்களும் சரி, தரையும் சரி, ஆனால் உடல் மட்டும் இன்னும் சாய்ந்தே தெரிகிறது என்றால், செசிக்கு மேலுள்ள உடலைப் பார்க்க வேண்டும். உடலைச் செசியில் பிடிக்கும் பிடிமானங்களில் ஒன்று முறிந்திருக்கலாம், அல்லது மாற்றியமைத்தபோது கட்டியவரே கோணலாக இருத்தியிருக்கலாம். அந்தச் சாய்வை லிங்க் கம்பியால் மறைக்குமாறு கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, ஒரு பக்கத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்த வண்டியில் ஷொக் அப்சோபரும் சாய்வுத் தடுப்புக் கம்பியும் நாள் முழுவதும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

திருத்தி முடித்த நான்கு எண்களையும், அன்றைய திகதியையும், தண்ணீர்த் தாங்கி நிறைந்திருந்ததா என்பதையும் எழுதி, சாமான் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பூட்டு நட்டிலும் கம்பியிலும் சேர்த்து ஒரே பெயின்ற் கோடு இழுத்துவிடுங்கள். பொத்துவில் வரை போய்த் திரும்பினால் மட்டக்களப்பிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். அந்தப் பயணம் முடிந்ததும் அளவுகோலை எடுக்குமுன் கீழே குனிந்து கோடுகளைப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. கோடுகள் மீண்டும் நேர்ப்படத் திருப்பி இறுக்கியபின் அளந்து, கதவில் ஒட்டிய எண்களோடு ஒப்பிட்டால் போதும்.